அந்தப் பைத்தான் என்னுடையது இல்லை

டெர்மினல் ஐகானைச் சொடுக்கினேன். மவுஸ் முள் கொஞ்ச நேரம் சுற்றியது, அப்புறம் நின்றுவிட்டது. கட்டளைகளைத் தட்டுகிற அந்தக் கறுப்பு விண்டோ வரவில்லை. மறுபடி சொடுக்கினேன். மறுபடி சுற்றி நின்றது. கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். அதே கதைதான். எரர் என்று ஒரு வரி வந்திருந்தால்கூடத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்த மாதிரி இருந்திருக்கும். அதுவும் இல்லை.

2019. மதுரையில் வாடகை வீடு, இரவு பத்தரை மணி, லேப்டாப்பில் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் 'பைத்தான் 3.7 போட்டாச்சு' என்று பெருமையாக வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன். எட்டுப் பேர் பார்த்திருந்தார்கள்.

பைத்தான் ஒரு நிரல் மொழி. அது எனக்கு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் புரோகிராமர் இல்லை. மாமா மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருபது வருடம் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர் எல்லாம் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் அடித்தது. கடையை மூடியபோது அவருக்கு மிஞ்சியது ஒரு ஹார்ட் டிஸ்க்கும், பிஸ்கட் டப்பா நிறைய சிடிக்களும். வீட்டில் கிடந்த பழைய விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டெக்ஸ்ட் கோப்பாக வெளியே எடுத்தார். நானூறு கோப்பு தேறியது. பென்டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்து, "போன்ல படிக்கிற மாதிரி பண்ணிக் குடும்மா" என்றார்.

பாமினி, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற யூனிகோடு கிடையாது. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் கோப்பைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி என்று வரும். அதுதான் 'தமிழ்'. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றால் 'அம்மா'. நானூறு கோப்பும் இப்படித்தான் இருந்தன. கையால் மாற்ற ஆயுசு போதாது.

கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர், லினக்ஸில் ஊறியவர், மாற்றுவதற்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதிக் கொடுத்தார். ஓட்டினேன். டேட்டாகிளாசஸ் என்ற மாட்யூல், அதாவது தயாராக எழுதி வைத்த நிரல் துண்டு, இல்லை என்று ஒரே வரியில் நின்றுவிட்டது. தேடினால், அது பைத்தான் 3.7-இல் சேர்ந்த சங்கதி. என் உபுண்டுவில் இருந்தது 3.6. உபுண்டு 18.04 வந்தது 2018 ஏப்ரலில், பைத்தான் 3.7 வந்தது அதே வருடம் ஜூனில். இரண்டு மாத இடைவெளியில் பஸ்ஸைத் தவறவிட்ட கதை.

நிறுவுவது ஒரு வேலையே இல்லை. உபுண்டுவில் மென்பொருளை இறக்கி நிறுவுகிற கருவி ஆப்ட். டெர்மினலில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3.7 என்று தட்டினேன். அரை நிமிடத்தில் இறங்கி முடிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பைத்தான்3 என்று மட்டும் தட்டிப் பார்த்தால் இன்னும் 3.6 என்றே காட்டியது. 3.7 வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் பைத்தான்3.7 என்று முழுப் பெயரையும் தட்ட வேண்டும். புதுசு வாங்கி வந்த பிறகும் வாசலில் பழையதே நிற்கிற மாதிரி ஓர் எரிச்சல். இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வழி எழுதி வைத்திருந்தார். கட்டளைகள் குடியிருக்கிற 'யூஎஸ்ஆர் பின்' என்ற அடைவில் இருக்கும் பைத்தான்3 நிஜமான நிரல் இல்லை, வெறும் லிங்க், அதாவது 3.6 இருக்கும் இடத்தைக் கை காட்டும் பெயர்ப்பலகை. அந்தப் பலகையை 3.7 பக்கம் திருப்பி வைத்தால் போதும் என்றார். திருப்பினேன். பைத்தான்3 என்று தட்டினேன். 3.7 என்றது. ஸ்கிரிப்ட்டும் ஓடியது. ஸ்டேட்டஸ் வைத்தேன். டெர்மினலை மூடினேன்.

மீதிதான் மேலே சொன்னது.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா, இந்நேரத்துல?"

"அண்ணே, டெர்மினலே திறக்க மாட்டேங்குதுண்ணே."

"கடைசியா என்ன பண்ணே?"

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார். "ஏம்மா, வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வாசப்படிய இடிச்சிருக்கே" என்றார்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். வண்ணத் திரை மறைந்து, கறுப்புத் திரையில் லாகின் என்று ஒரு வரி மட்டும் வந்தது. லினக்ஸுக்குப் பின்வாசல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனேன். "பழுது பாக்குறதுக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னு பாத்துரு" என்று சொல்லி, டெர்மினல் நிரலின் பெயரை அங்கேயே தட்டச் சொன்னார். அது நோம்-டெர்மினல். தட்டியதும் நாலைந்து வரிகள் கொட்டின. கடைசி வரி இம்போர்ட் எரர், 'ஜிஐ' என்பதற்குள்ளிருந்து ஏதோ ஒன்றை எடுக்க முடியவில்லை என்றது.

இம்போர்ட் எரரா? அது பைத்தான் சொல்கிற எரர் ஆயிற்றே, டெர்மினலுக்கும் பைத்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அண்ணன் விளக்கியது இது: நான் ஐகானைச் சொடுக்கும்போது முதலில் ஓடுவது ஒரு சின்னப் பைத்தான் ஸ்கிரிப்ட். முதல் வரியிலேயே 'என்னை யூஎஸ்ஆர் பின்னில் இருக்கும் பைத்தான்3 கொண்டு ஓட்டு' என்று எழுதியிருக்கும். அது போய்த்தான் நிஜமான டெர்மினலைக் கூப்பிடும். நான் பலகையைத் திருப்பி வைத்ததால் அது 3.7 வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது.

சரி, 3.7-உம் பைத்தான்தானே, ஓட்டினால் என்ன? அதற்கும் அண்ணன் ஓர் அடைவைத் திறந்து காட்டச் சொன்னார். டிஸ்ட்-பேக்கேஜஸ் அடைவுக்குள் ஜிஐ என்ற அடைவு. அதில் ஒரு கோப்பின் பெயரில் 'சிபைத்தான்-36எம்' என்று எழுதியிருந்தது. அந்தக் கோப்பு பைத்தானில் எழுதியது இல்லை, சி மொழியில் எழுதி 3.6-க்காகவே கம்பைல் செய்தது, அதாவது கணினி நேராக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றியது. பெயரிலேயே 36 என்று பச்சை குத்தியிருக்கிறது. 3.7 அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முழுக்கப் பைத்தானிலேயே எழுதிய மாட்யூல்களாக இருந்திருந்தால் பெரும்பாலும் ஓடியிருக்கும்.

பலகையைப் பழையபடி 3.6 பக்கம் திருப்ப ஒரே வரிதான். சூடோ, எல்என், ஒரு மைனஸ் எஸ்எஃப், இரண்டு பெயர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி வண்ணத் திரைக்குத் திரும்பி வந்து ஐகானைச் சொடுக்கினேன். திறந்தது. அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

போனை வைப்பதற்கு முன் அண்ணன் சொன்னது இது: "அந்தப் பைத்தான் உனக்குப் போட்டது இல்லம்மா. உபுண்டு தனக்குப் போட்டுக்கிட்டது. நீ ஓரமா ஒண்ணு வச்சுக்கோ."

எங்கள் வீட்டு ஓனர் மோட்டார் ஞாபகம்தான் வந்தது. கீழே கிணற்றடியில் இருக்கும். அதிலிருந்துதான் மாடிக்கும் தண்ணீர் வரும், பக்கத்துப் போர்ஷனுக்கும் வரும். சுவிட்ச் என் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அது என் மோட்டார் ஆகிவிடாது. பெல்ட்டை மாற்றுகிறேன் பேர்வழி என்று கழற்றினால், காலையில் நாலு குடும்பம் குடத்தோடு வந்து நிற்கும்.

உபுண்டுவில் அந்த மோட்டாரிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று அப்புறம் தேடிப் பார்த்தேன். ஆப்ட் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியது, அதற்குப் பாதிப்பில்லை. ஆனால் புது மென்பொருள் கிடங்கைச் சேர்க்கிற ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி பைத்தான். அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டுகிற நிரல் பைத்தான். யூஎஃப்டபிள்யூ என்கிற ஃபயர்வால் பைத்தான். தப்பான கட்டளையைத் தட்டினால் 'நீங்கள் சொன்னது இல்லை, இதுவா?' என்று பணிவாகக் கேட்கிறதே, அதுகூட ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான். பலகையைத் திருப்பி வைத்தவர்கள் 'ஆப்ட்_பிகேஜி என்று மாட்யூல் இல்லை' என்று இணையம் முழுக்கப் புலம்பி வைத்திருப்பதற்கும் காரணம் அதே பச்சை குத்திய 36 தான்.

ஏன் புதுசு வந்ததும் உபுண்டு தன் பைத்தானை மாற்றிக்கொள்ளாது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஒரு நீண்ட கால வெளியீட்டுக்கு அவர்கள் ஐந்து வருட உத்தரவாதம் தருகிறார்கள். நூற்றுக்கணக்கான நிரல்களை ஒரு குறிப்பிட்ட பைத்தானோடு சேர்த்துச் சோதித்து, அப்படியே உறைய வைத்துத் தருவார்கள். பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அதே பதிப்புக்குள் அடைப்பார்கள். ஆக, 18.04-இல் 3.6, 20.04-இல் 3.8, 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12. பைத்தான் பக்கமோ வேறு வேகம். 3.9-இலிருந்து வருடா வருடம் அக்டோபர் மாதம் புதுப் பதிப்பு. இரண்டும் ஒரே தாளத்தில் போகாது. நம்மைப் போல இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் மிதிபடுவோம்.

இதில் கொஞ்சம் சிரிப்புக்கு இடமும் உண்டு. வெறும் பைத்தான் என்று தட்டினால் நெடுங்காலமாகப் பைத்தான் 2 வரும். 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்தது, உபுண்டு 20.04-இல் அந்தப் பெயருக்கு ஆளே இல்லாமல் போனது. பைத்தான் என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்கிறது. அதற்கு என்று ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள், பெயர் 'பைத்தான்-இஸ்-பைத்தான்3'. உள்ளே ஒரு லிங்க், அதைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

2021-இல் தங்கை மகன் கல்லூரியில் சேர்ந்து உபுண்டு போட்டுக்கொண்டான். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் திரையைப் படம் எடுத்து அனுப்பினான். பைத்தானைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3 என்று தட்டியிருக்கிறான். நீக்கப்போகிற பேக்கேஜ்களின் பட்டியல் திரையை நிறைத்து வழிகிறது. நடுவில் 'உபுண்டு-டெஸ்க்டாப்' என்று ஒரு பெயர். கடைசியில் எஸ்ஸா, நோவா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. படத்துக்குக் கீழே, "பெரியம்மா, இது எல்லாத்தையும் எடுக்கணுமா?"

"கைய எடுடா மொதல்ல" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். கேட்கத் தோன்றியதே, அதுவரை புத்திசாலி.

இவ்வளவு தெரிந்த பிறகு நான் ஒழுங்காக இருந்திருப்பேன் என்று நினைப்பீர்கள். 2022 அக்டோபரில் 3.11 வந்தது. முந்தையதைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே போட்டிருந்தார்கள். என்னிடம் 22.04, அதில் 3.10. உபுண்டுகாரர்களுக்குப் புதுப் பைத்தான் பதிப்புகளைக் கட்டித் தருகிற டெட்ஸ்நேக்ஸ் என்ற பிபிஏ, அதாவது தனியார் மென்பொருள் கிடங்கு, ஒன்று இருக்கிறது. அதைச் சேர்த்து ஆப்ட் மூலமே எடுத்திருக்கலாம், சமத்தான பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு வீம்பு. சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, நானே கம்பைல் செய்து பார்க்க வேண்டும்.

சோர்ஸ் சுருக்கக் கோப்பு இருபது எம்பிதான் இருந்தது. விரித்தேன். முதல் கட்டளை கான்ஃபிகர். திரையில் 'செக்கிங்... எஸ்', 'செக்கிங்... நோ' என்று மளிகைக் கடைச் சிட்டை மாதிரி ஓடியது. யார் படிப்பார்கள்? கூடவே எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் என்று ஒரு விருப்பத்தையும் சேர்த்திருந்தேன், வேகம் வேண்டுமே. அப்புறம் கட்டுகிற கட்டளையான மேக்.

அந்த விருப்பம் என்ன செய்யும் என்று படிக்காமல் போட்டது என் தப்பு. முதலில் ஒரு தடவை முழுப் பைத்தானையும் கட்டும். கட்டியதைக் கொண்டு சோதனைகளை ஓட்டி, எந்தப் பாதையில் அதிகம் நடமாட்டம் என்று குறித்துக்கொள்ளும். குறிப்பை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கட்டும். நல்ல யோசனைதான், ஆனால் என்னுடையது நாலு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். விசிறி இரைந்த இரைச்சலில் மாமா உள்ளே வந்து, "ஏம்மா, கிரைண்டரா ஓடுது?" என்றார். முக்கால் மணி நேரம் ஆனது.

முடிந்ததும் மேக் ஆல்ட்இன்ஸ்டால். இந்த ஒன்றை மட்டும் அண்ணன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். வெறும் இன்ஸ்டால் என்றால், யூஎஸ்ஆர் லோக்கல் பின் அடைவில் பைத்தான்3 என்ற பெயரிலேயே ஒரு லிங்க்கை வைத்துவிடும். டெர்மினலில் நாம் தட்டுவதை வாங்கிக்கொள்கிற ஷெல் ஒரு கட்டளையைத் தேடும்போது பாத் என்ற பட்டியலில் உள்ள அடைவுகளை வரிசையாகத்தான் பார்க்கும். அந்த வரிசையில் யூஎஸ்ஆர் பின்னுக்கு முன்னால் நிற்பது இந்த லோக்கல். ஓனர் மோட்டாரை நான் தொடாவிட்டாலும் குழாயை வழியிலேயே மறித்த மாதிரி ஆகும். ஆல்ட்இன்ஸ்டால் பைத்தான்3.11 என்ற முழுப் பெயரை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஒதுங்குவது இருக்கட்டும், முடிந்தால்தானே. கடைசிக் கட்டத்தில், 'விரிக்க முடியவில்லை, ஜீலிப் இல்லை' என்று நின்றது. மேலே உருட்டிப் பார்த்தால், மேக் முடியும்போதே ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. இந்த இந்த மாட்யூல்களைக் கட்டத் தேவையான துண்டுகள் கிடைக்கவில்லை என்று. பத்துப் பன்னிரண்டு பெயர்கள். நான் காபி போடப் போயிருந்தேன். ஜீலிப்புக்கான டெவ் பேக்கேஜை மட்டும் ஆப்டில் போட்டுவிட்டு மறுபடி கட்டினேன். இந்த முறை ஆப்டிமைசேஷன் வேண்டாம். வேக ஆசை அடங்கியிருந்தது.

ஆல்ட்இன்ஸ்டால் முடிந்தது. பைத்தான்3.11 என்று தட்டினேன், வந்தது. பைத்தான் மாட்யூல்களை இணையத்திலிருந்து இறக்குகிற பிப் கொண்டு ஒன்றை இறக்கப் போனேன். எஸ்எஸ்எல் இல்லை என்றது. பாதுகாப்பான இணைப்பு பேசத் தெரியாத பைத்தானைக் கட்டியிருக்கிறேன், அதனால் எதையும் இறக்க முடியாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் டெவ் பேக்கேஜைப் போட்டு மூன்றாவது தடவை கட்டினேன். இப்போது பிப் வேலை செய்தது. பைத்தானுக்குள் போய் ஒரு வரி எழுதினேன், தப்பாகிவிட்டது, முந்தைய வரியைக் கொண்டுவர மேல் அம்புக்குறியை அழுத்தினேன். வரி வரவில்லை. ஒரு கேரட் குறி, இரண்டு சதுர அடைப்புக்குறி, ஓர் ஆங்கில ஏ, இவ்வளவுதான் வந்து உட்கார்ந்தது. அது, பழைய வரிகளை நினைவில் வைத்துத் தருகிற ரீட்லைன் இல்லாத குறை.

பக்கத்தில் இருந்தால் அண்ணன் முதல் நாளே சொல்லியிருப்பார். உபுண்டுவே தன் பைத்தானைக் கட்டுவதற்கு என்னென்ன துண்டுகள் வேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கிறது. சோர்ஸ் கிடங்குகளை இயக்கிவிட்டு ஆப்ட் பில்ட்-டெப் பைத்தான்3.10 என்று ஒரு வரி தட்டினால் ஜீலிப், எஸ்எஸ்எல், ரீட்லைன், எஸ்கியூலைட், எஃப்எஃப்ஐ எல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கும். நாலாவது தடவை அப்படித்தான் முடிந்தது.

நானூறு கோப்பையும் புதுப் பைத்தானில் ஓட்டிப் பார்த்தேன். சின்னச் சின்னக் கோப்புகள், 3.10-இலேயே கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. மிச்சப்பட்ட நேரத்தில் காபி ஆற்றக்கூட முடியாது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. இப்படிக் கட்டிப் போட்ட பைத்தானை நீக்குவதற்கு மேக் அன்இன்ஸ்டால் என்று ஒன்று கிடையாது. ஆப்டுக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்றால் நாமே அடைவு அடைவாகப் போய்ப் பொறுக்க வேண்டும். கட்டிய வீட்டை நானே செங்கல் செங்கலாகப் பிரிக்க வேண்டியதுதான்.

ஓரமாக ஒன்று வைத்துக்கொள் என்று அண்ணன் 2019-இல் சொன்னதற்கு, எனக்கு இப்படி ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் அர்த்தம் புரிந்தது. அவர் சொன்னது வென்வ், நம் வேலைக்கென்று தனியாக வைத்துக்கொள்கிற பைத்தான் அடைவு. பைத்தான்3 மைனஸ்எம் வென்வ் என்று தட்டி, ஓர் அடைவுக்குப் பெயர் கொடுத்தால் போதும். உபுண்டுவுக்குத் தாயான டெபியனிலும் உபுண்டுவிலும் அதற்கான துண்டைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்திருப்பதால், முதல் தடவை 'பைத்தான்3-வென்வ் போட்டுவிட்டு வா' என்று திருப்பி அனுப்பும். போட்டுவிட்டு வந்தால் சரி.

வென்வ் என்றதும் ஏதோ கணினிக்குள் இன்னொரு கணினி என்று பயந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த அடைவைத் திறந்து பார்த்தேன். பின் என்று ஓர் அடைவு, அதில் பைத்தான் என்ற பெயரில் ஒரு லிங்க். அது கை காட்டுவது அதே ஓனர் வீட்டுப் பைத்தானைத்தான். லிப் என்று இன்னோர் அடைவு, நாம் இறக்குவதெல்லாம் அதற்குள் போகும். பைவென்வ் என்று தொடங்குகிற ஒரு குட்டி உரைக்கோப்பு. அதில் சில வரிகள்: நிஜ வீடு எங்கே இருக்கிறது, பதிப்பு எது, ஓனர் வீட்டுப் பேக்கேஜ்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்றால் ஃபால்ஸ். பைத்தான் தொடங்கும்போது பக்கத்தில் இந்தச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் அதன்படி நடந்துகொள்ளும். ஆக்டிவேட் என்று நாம் தட்டுகிறோமே, அது பாத் பட்டியலின் தலையில் இந்த அடைவைச் செருகிவிட்டு, வரியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரைக் காட்டுகிறது. வேண்டாம் என்றால் அடைவையே அழித்துவிடலாம், எங்கும் ஒரு கறையும் இருக்காது. தண்ணீர் ஓனர் கிணற்றிலிருந்து, குடம் என்னுடையது.

2024-இல் வேறொரு பழைய லேப்டாப் வாங்கி உபுண்டு 24.04 போட்டேன். பழைய ஞாபகத்தில் வென்வ் எதுவும் இல்லாமல் பிப் இன்ஸ்டால் என்று தட்டினேன். இறக்க மறுத்துவிட்டது. 'இந்தச் சூழலை வெளியிலிருந்து வேறொருவர் நிர்வகிக்கிறார்' என்கிற பொருளில் ஒரு நீண்ட எரர். நான் பார்த்த எரர்களிலேயே பொறுமையாகப் பேசுகிற எரர் இதுதான். கணினி முழுதுக்கும் வேண்டுமென்றால் ஆப்டில் போடு, ஆப்டில் இல்லாததென்றால் வென்வ் உருவாக்கிக்கொள், தனி நிரல் என்றால் பிப்எக்ஸ் இருக்கிறது என்று மூன்று வழியும் சொல்லிவிட்டு, மேலும் படிக்க எந்தக் கோப்பு என்பதையும் சொல்கிறது. 2023-இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 இரண்டிலிருந்தும் இப்படித்தான். பெப் 668 என்ற முன்மொழிவாகப் பைத்தான்காரர்களும் லினக்ஸ்காரர்களும் பேசி முடித்த ஏற்பாடு. பைத்தானின் நூலக அடைவில் எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு என்று ஒரு கோப்பை வைத்திருப்பார்கள், பிப் அதைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொள்ளும்.

என்ன ஆனாலும் சரி, போட்டே தீருவேன் என்பவர்களுக்கும் வழி விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த விருப்பத்தின் பெயர் பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ். ஃபோர்ஸ் என்றோ ஓவர்ரைடு என்றோ நாகரிகமாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நீ செய்யப்போவது உடைப்பது, அதை உன் கையாலேயே எழுத்துக் கூட்டித் தட்டு என்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. 2019-இல் அந்த எல்என் கட்டளைக்கு இப்படி ஒரு பெயர் இருந்திருந்தால் அந்த இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தக் கோப்பை அழித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் டெர்மினலும் ஒரு நாள் திறக்காமல் போகட்டும் என்று சாபம் விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது யூவி என்று ஒரு கருவி வந்திருக்கிறது, ரஸ்ட் மொழியில் எழுதியது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று சொன்னால் கட்டி முடித்த பைத்தானையே இறக்கி ஓரமாக வைத்துவிடுகிறது, கிரைண்டர் ஓட்ட வேண்டியதில்லை. தங்கை மகன் அதைத்தான் பயன்படுத்துகிறான். நான் இன்னும் வென்விலேயே இருக்கிறேன், கை பழகிவிட்டது.

புது லேப்டாப்பில் வென்வ் உருவாக்கி, தமிழ் எழுத்துகளைக் கையாளுகிற ஓப்பன்-தமிழ் நூலகத்தை இறக்கினேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் எப்போதும் ஓட்டுவது ஒரே சோதனை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்பேன். பைத்தான் 2-இல் இதை நேராகக் கேட்டால் 15 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணும். பைத்தான் 3 ஐந்து என்கிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஓப்பன்-தமிழிடம் எழுத்துகளாகப் பிரித்துத் தரச் சொன்னால் மூன்று. த, மி, ழ். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சொல்கிற விடைக்கு வந்து சேர இத்தனை நிறுவல்.

மாமா அந்தச் சமயம் இன்னொரு பிஸ்கட் டப்பாவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட ஆண்டு மலர்கள். பழைய ஸ்கிரிப்ட்டையே ஓட்டினேன். அதில் 2019-இல் நானே கை வைத்த ஓர் இடம் உண்டு. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். அதனால் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகள் கௌரியின் பெயர், ஒற்றைக் கொம்பும் தனி ளகரமுமாக, கெளரி என்று வந்திருந்தது. திரையில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மாமாதான் கண்டுபிடித்தார். சரிசெய்கிறேன் என்று, கொம்புக்குப் பின்னால் ளகரம் வந்தால் எல்லாவற்றையும் ஔகாரமாக்கு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பத்திரிகைகளில் அது பிரச்சினையே செய்யவில்லை.

ஆண்டு மலரின் முதல் பக்கம் தலைமையாசிரியர் வாழ்த்துரை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மாமா திரைக்குப் பக்கத்தில் குனிந்து படித்தார். 'சிந்தனையில் தெளிவு வேண்டும்' என்று இருக்க வேண்டிய இடத்தில், தௌ என்று ஒன்று, அதை ஒட்டிப் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம், வட்டத்தின் தலையில் அநாதையாக ஓர் இகரக் கொக்கி, அப்புறம் வு.

"இந்த வட்டத்த நான் போடலையேம்மா" என்றார்.

நான்தான் போட்டேன், ஐந்து வருடத்துக்கு முன்னால்.